கத்தரியம் என்றொரு மதம்

எங்கள் ஊரில் சாவது சுலபம். செத்த பிறகு குழிக்குள் போவதற்குத்தான் படிப்பு வேண்டும்.

முன்பெல்லாம் இப்படி இல்லை. எப்போதோ ஒரு பிணத்துக்காக இரண்டு கூட்டத்தார் ‘எங்க ஆளு, எங்க ஆளு’ என்று இடுகாட்டு வாசலில் மண்டையை உடைத்துக்கொண்டார்களாம். உயிரோடு இருந்தபோது அந்த ஆளுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்க இரண்டு கூட்டத்திலும் நாதியில்லை என்பது வேறு கதை. நகராட்சி யோசித்தது. மதம் என்றால் என்னவென்று படித்தவர்களிடமே விட்டுவிடலாம் என்று உலக சமயச் சொல்லாய்வு நிலையத்தின் தலையில் கட்டியது. அன்று முதல், இறந்தவர் எந்த நம்பிக்கை என்று நிலையம் சொன்னால்தான் மருத்துவமனை உடலைக் கொடுக்கும். மண்ணோ நெருப்போ அதற்கு அப்புறம்தான். சண்டை நின்றது உண்மை. கூடவே அடக்கமும் நின்றது.

என் அக்கா தையல்காரி. மருத்துவமனைக்கு எதிரே, உள்ளே ஒருவர் திரும்ப வேண்டுமென்றால் இன்னொருவர் வெளியே போய் நிற்க வேண்டிய அளவுக்கு ஒரு கடை. அப்பா அம்மா போன பிறகு அந்த மெஷினை மிதித்துத்தான் என்னை ஏசி மெக்கானிக் ஆக்கினாள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. கேட்டால், “வந்த ஒண்ணும் அளவு சரியா இல்லடா” என்பாள்.

ஒருமுறை பக்கத்துக் கடைக்காரர் இறந்து, வெளியூர்ப் பிள்ளை வரட்டும் என்று போட்டு வைத்திருந்து, கடைசியில் நாலு பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு தூக்கிப் போனார்கள். அன்று அக்கா மெஷினை நிறுத்தாமலே சொன்னாள்:

“டேய், நான் செத்தா சட்டுனு முடிச்சிடு. ஆயுசு பூரா அடுத்தவங்கள அழகாக் காட்டியிருக்கேன். என்னப் பாத்து எவனும் மூக்கப் பொத்தக்கூடாது.”

நான் டீயை உறிஞ்சியபடி சரி என்றேன். டீ குடித்துக்கொண்டே கொடுக்கிற வாக்கு எவ்வளவு கனமானது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

ஒரு நாள் காலை அக்கா மெஷின் மேலேயே சாய்ந்துவிட்டாள். எதிரே மருத்துவமனை இருந்தும் பிரயோஜனமில்லை. பிணவறைக்காரர் நல்ல மனிதர். அக்காவிடம்தான் அவரும் பேண்ட் தைத்துக்கொள்வார்.

“தம்பி, நிலையத்துல போய் அக்காவுக்கு ஒரு மதம் வாங்கிட்டு வந்துடுங்க. சீக்கிரம் வாங்க. உள்ள மெஷின் இருமிக்கிட்டு இருக்கு.”

போய்ப் பார்த்தேன். குளிரூட்டியின் மோட்டாரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டர் உப்பிப் போயிருந்தது. என் பையில் இருந்த பழையதை மாட்டி ஓட வைத்தேன். அது ரொம்ப நாள் தாங்காது என்று எனக்கே தெரியும். சொந்த அக்காவுக்காக நான் பார்த்த கடைசி வேலை அதுதான்.

நிலையத்தில் என்னை விசாரித்தவர் ஓர் அம்மா. பெயர்ப் பலகையில் ‘தலைமைச் சொல்லாய்வாளர்’ என்று இருந்தது. மேசையில் தலையணை தலையணையாக அகராதிகள். மனதுக்குள் நான் அவருக்கு அகராதியம்மா என்று பெயர் வைத்துவிட்டேன்.

“இறந்தவங்க ஓரிறைக் கொள்கையா, பல்லிறைக் கொள்கையா?”

“தையல் கடைங்க.”

“கடவுள் ஒண்ணுன்னு நம்பினாங்களா, பலன்னு நம்பினாங்களா?”

“எண்ணிப் பாத்த மாதிரி தெரியலீங்க.”

“இல்லவே இல்லைன்னு எப்பவாவது சொன்னாங்களா? அதுக்குப் பேரு இறைமறுப்பு.”

“தச்சுக்கிட்டிருக்கும்போது கரண்ட் போனா சொல்வாங்க.”

“கரண்ட் வந்ததும்?”

“‘அப்பாடா, கடவுளே’ம்பாங்க.”

அகராதியம்மா பெருமூச்சு விட்டார். ஒரு நாளைக்கு நாலு முறை மதம் மாறும் பெண்ணை அவர் அகராதி பார்த்ததில்லை போலிருந்தது.

“மறுபிறவியில நம்பிக்கை உண்டா?”

“‘அடுத்த ஜென்மத்துலயாவது காஜா எடுக்க ஒரு ஆள் கிடைக்கணும்’னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க.”

“அது கோட்பாடா, குறையா?”

“சட்டைக்கு ஏழு பொத்தானுக்கும் தானே காஜா எடுத்தவங்களுக்கு அது குறைதாங்க.”

இதோடு நான் வாயை மூடியிருக்க வேண்டும். ‘வகைப்படுத்த முடியாதவர்’ என்று ஒரு முத்திரை குத்தி அனுப்பியிருப்பார்கள். ஆனால் அந்த அம்மா, “வேற ஏதாவது வழக்கம் உண்டா? யோசிச்சுச் சொல்லுங்க” என்று அன்பாகக் கேட்டார். அரசாங்க மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அன்பு வந்தால் எழுந்து ஓடிவிட வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

“ஒண்ணே ஒண்ணுங்க. எந்தத் துணிய வெட்டினாலும், முதல்ல கத்தரியக் கையில எடுத்து, கண்ண மூடி, ‘கையக் காப்பாத்து’ன்னு சொல்வாங்க. அப்புறம்தான் வெட்டுவாங்க. சின்ன வயசுல விரல வெட்டிக்கிட்டதுலேருந்து அப்படி.”

அவர் பேனா நின்றது.

“யாருகிட்ட சொன்னாங்க?”

“தெரியலீங்க.”

“எதுகிட்ட சொன்னாங்க?”

“கையில கத்தரிதாங்க இருந்துச்சு.”

அகராதியம்மா எழுந்தார். நாற்காலி பின்னால் சரிந்து விழுந்தது. அதைக்கூடக் கவனிக்காமல், “ஐயா! ஐயா!” என்று உள்ளே ஓடினார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன் என்று அப்போதுதான் உறைத்தது.

இயக்குநர் உள்ளே பிஸ்கெட்டும் டீயுமாக இருந்தார். வயிறு மேசைக்கு வெகு முன்பே ஆரம்பித்துவிடுவதால் கையை நீட்டித்தான் கோப்பையை எடுப்பார். என்னை உட்காரச் சொன்னார்.

“தம்பி, உங்க அக்கா யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“என் அக்காங்க.”

“அது உங்க குறுகிய பார்வை. உயிரில்லாத பொருளுக்குள்ள ஒரு சக்தி இருக்குன்னு நம்பறது மனுஷனோட முதல் மதம். அத நாங்க காடு மலையெல்லாம் தேடி அலைஞ்சோம். அது ஆஸ்பத்திரிக்கு எதிர்ல தையல் கடையில இருந்திருக்கு! மரணம் புனிதமானது தம்பி. அத அவசரப்படுத்தக் கூடாது.”

பேசிக்கொண்டே அவர் டீயில் தோய்த்த பிஸ்கெட் உடைந்து கோப்பைக்குள் விழுந்தது. இரண்டு விரலை உள்ளே விட்டுத் துழாவி, கூழாகிப் போனதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, அதே விரலால் என் தோளைத் தட்டினார்.

“அந்தக் கத்தரியக் கொண்டு வாங்க. உடனே முடிச்சுடலாம்.”

உடனே என்ற சொல்லை நம்பி அக்காவின் கடையைத் திறந்தேன். வெட்டு மேசை மேல் கத்தரி. சுவரில் ஒரு பெரிய அங்கி தொங்கியது. கருஞ்சிவப்பு வெல்வெட், சரிகைக் கரை, முதுகில் நிலையத்தின் சின்னம். இயக்குநர் ஆண்டு விழாவுக்குப் போடுவது. இடுப்புப் பக்கம் தையலைப் பிரித்து, சாக்பீஸால் புதுக் கோடு போட்டிருந்தாள் அக்கா. “அந்தாளு இடுப்பு வருஷா வருஷம் வளருதுடா. அங்கிக்குத்தான் பாவம், மூச்சு முட்டுது” என்று அவள் சொன்னது நினைவுக்கு வந்தது. யாருக்குத் தைத்தாளோ அவர்களே அவளைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு அது தெரியக்கூடத் தெரியாது. பியூன்தானே அங்கியைக் கொண்டுவந்து கொடுத்தது.

கத்தரியைக் கொண்டுபோனதும் வெள்ளைக் கையுறை போட்ட இருவர் அதைத் தட்டில் வாங்கினார்கள். நான் ஒரு முறை தொட்டுப் பார்க்கக் கை நீட்டினேன். அகராதியம்மா என் மணிக்கட்டில் அடித்தார்.

“தொடாதீங்க! புனிதப் பொருள். இதுக்கு விலக்குன்னு பேரு. தொட்டா தீட்டு.”

“நேத்து வரைக்கும் அதாலதாங்க நான் நகம் வெட்டிக்கிட்டேன்.”

இதைக் கேட்டு அவருக்குக் கண் கலங்கிவிட்டது. “கூட இருந்தவங்களுக்கு அருமை தெரியறதில்ல. எல்லா மதத்துலயும் இதுதான் நடந்திருக்கு” என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

மறுநாள் கருத்தரங்கு வைத்தார்கள். உடலைக் கொடுக்க எதற்குக் கருத்தரங்கு என்று கேட்டதற்கு, கருத்தரங்கு இல்லாமல் எதைத்தான் கொடுத்திருக்கிறோம் என்று பெருமையாகச் சொன்னார் இயக்குநர். அரங்கத்தில் ஏசி அப்படிக் குளிர்ந்தது. அறிஞர்கள் எல்லோரும் சால்வைக்குள் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தார்கள். என்னை மேடையில் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். கண்காட்சியில் கட்டிப் போட்ட ஆடு மாதிரி இருந்தேன்.

“சொல்லும்போது கண்ண முழுசா மூடுவாங்களா?” என்று ஒருவர் கேட்டார்.

“சில நாள் ஒரு கண்ணத் திறந்திருப்பாங்க. துணியில போட்ட குறி நகராம இருக்கான்னு பாக்க.”

அவ்வளவுதான். அரங்கம் இரண்டாக உடைந்தது. கண் முழுக்க மூடுவதே மூல நெறி என்றது ஒரு தரப்பு. ஒரு கண்ணைத் திறந்து வைப்பதே ஞானம், உலகத்தையும் பார், உள்ளத்தையும் பார் என்று அதற்குப் பொருள் என்றது மற்றொரு தரப்பு. நரைத்த தாடி ஒன்று இன்னொரு நரைத்த தாடியைப் ‘போலிப் போதகனே’ என்றது. தண்ணீர் பாட்டில் பறந்தது. பிறந்து ஒரு நாள்கூட ஆகாத மதத்துக்கு அதற்குள் இரண்டு பிரிவு.

“பிளவும் வந்தாச்சு!” என்று இயக்குநர் மகிழ்ச்சியில் கை தட்டினார். “நிறுவனர் உண்டு, மந்திரம் உண்டு, புனிதப் பொருள் உண்டு, விலக்கு உண்டு, இப்ப பிளவும் உண்டு. இனி இது பழக்கம் இல்ல, மதம். பேரு கத்தரியம்.”

எல்லோரும் எழுந்து நின்றார்கள். அந்த நேரத்தில் போன் வந்தது. பிணவறைக்காரர்.

“தம்பி, மெஷின் நின்னு போச்சு. தட்டிப் பாத்துட்டேன், அசையல. வெளிய வெயில் கொளுத்துது. சீக்கிரம் ஏதாவது பண்ணுங்க.”

நான் தலை நிமிர்ந்து அரங்கத்து ஏசியைப் பார்த்தேன். அதே அளவுதான். கெப்பாசிட்டரைக் கழற்றிக்கொண்டு ஓடினால் அங்கே மாட்டிவிடலாம். இயக்குநரின் காலில் விழாத குறையாகக் கேட்டேன்.

“ஐயா, ஒரே ஒரு சின்ன சாமான். ரெண்டு நாள்ல திருப்பிக் கொடுத்துடறேன். இல்லேன்னா அக்காவ இப்பவே கொடுத்துடுங்க. நாறிடும்யா.”

“அரங்கம் புழுங்குமே தம்பி” என்றார் அவர், என் அறியாமைக்காக வருந்துகிறவர் போல. “அப்புறம், ‘அக்காவக் கொடுங்க’ன்னு கேக்கறீங்களே, இனி அது எப்படி முடியும்? ஒரு மதத்தோட நிறுவனர் உடம்பு குடும்பச் சொத்து இல்ல. அதுக்குப் புனித எச்சம்னு பேரு. அது அடியார்களுக்குச் சொந்தம்.”

“அடியார் யாருங்க?”

“இப்போதைக்கு யாரும் இல்ல. அதனால நிலையமே பாதுகாக்கும்.”

“அப்ப நானே அடியாரா சேந்துக்கறேன்.”

அகராதியம்மா உடனே தேர்வு வைத்தார். “கத்தரி யாரைக் காப்பாத்தும்?”

“யாரையும் காப்பாத்தாதுங்க. அது இரும்பு. அக்காவுக்குப் பயம், அதனால சொல்லிக்கிட்டா.”

அரங்கமே ‘ச்சே’ என்றது. கண் மூடிய தரப்பும் ஒரு கண் தரப்பும் அன்றைக்கு முதன்முதலாக ஒன்றுபட்டு, என்னை மதத்துரோகி என்று அறிவித்தன. துரோகிக்கு உடலைத் தொடும் உரிமை இல்லையாம். கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக வெளியே அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் மனைவி முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். “உங்க அக்கா உசுரோட இருந்திருந்தா, அந்தக் கத்தரியாலயே அந்த நிலையத்துக்காரங்க நாக்க அறுத்திருப்பாங்க. நீங்க ஸ்டூல்ல உக்காந்து பதில் சொல்லிட்டு வந்தீங்களாக்கும்.”

கடை கடையாக அலைந்து ஒரு புதுக் கெப்பாசிட்டர் வாங்கிக்கொண்டு போனேன். மருத்துவமனை வாசலில் காவலாளி மறித்தான். துரோகியை உள்ளே விடக்கூடாது என்று நிலையத்திலிருந்து சொல்லியிருந்தார்களாம். கெப்பாசிட்டரையாவது உள்ளே கொடு என்றேன். யார் மாட்டுவது என்று கேட்டான். நியாயமான கேள்விதான்.

அதற்கடுத்த நாள் வாடை பிணவறைக் கதவைத் தாண்டியது. பிறகு வராந்தாவைத் தாண்டியது. நோயாளிகள் கத்த ஆரம்பித்ததும் மருத்துவமனைப் பெரிய டாக்டர் நிலையத்துக்குப் போன் போட்டு, உங்கள் புனித எச்சத்தை வந்து எடுத்துக்கொண்டு போங்கள் என்றார்.

நிலையம் அவசரமாகக் கூடியது. என்னையும் கூப்பிட்டார்கள். நேற்று வரை என் அக்காவை நிறுவனர் என்று சொன்ன வாய்கள் எல்லாம் கைக்குட்டைக்குப் பின்னால் இருந்தன. இத்தனைக்கும் வாடை அந்தத் தெருவுக்கே வரவில்லை. கேள்விப்பட்டதற்கே மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார்கள்.

“ஆழ்ந்த மறு ஆய்வு செஞ்சோம்” என்றார் இயக்குநர். “புனித எச்சம் கெடாது. அதுதான் அதோட இலக்கணம். இது கெட்டுப் போச்சு. ஆகவே இது புனித எச்சம் இல்ல. ஆகவே அவங்க நிறுவனர் இல்ல. உங்க அக்காவ வகைப்படுத்த முடியாதவர்னு அறிவிக்கிறோம். நீங்க எடுத்துட்டுப் போகலாம். இன்னிக்கே எடுத்துட்டுப் போகணும்.”

“கெட வச்சது நீங்கதானே?” என்று கத்தினேன்.

“உணர்ச்சிவசப்படாதீங்க. அறிவுத் துறையில உணர்ச்சிக்கு இடம் இல்ல.”

“கத்தரியக் கொடுங்க.”

“அது எப்படி? கத்தரி கெடலயே” என்றார் அகராதியம்மா.

மருத்துவமனைக்குப் போனால், பிணவறைக்காரர் மட்டும்தான் மூக்கைப் பொத்தவில்லை. மருத்துவமனைத் துணி ஊறி நாசமாகியிருந்தது. “மூடறதுக்கு ஏதாவது கெட்டித் துணியாக் கொண்டு வாங்க தம்பி. இப்படியே தூக்க முடியாது” என்றார்.

அக்காவின் கடைக்கு ஓடினேன். உள்ளே இருந்ததெல்லாம் ஊரார் துணி. யாரோ ஒரு பெண்ணின் ரவிக்கை, யாரோ ஒரு பையனின் பள்ளிச் சட்டை. ஒருவர் துணியிலிருந்து ஓர் ஒட்டுத்துண்டுகூட அக்கா எடுத்ததில்லை. மிச்சத்தைச் சுருட்டி அவர்களிடமே கொடுத்துவிடுவாள். சுவரில் அந்த வெல்வெட் அங்கி தொங்கியது. இரண்டு ஆளை மூடும். தேவையான அளவுக்கு மட்டும் வெட்டிக்கொள்ளலாம் என்று பழக்கத்தில் வெட்டு மேசையைத் தடவினேன். கத்தரி இல்லை. அதனால் முழுசாகவே எடுத்துக்கொண்டு போனேன்.

வகைப்படுத்த முடியாதவர்களுக்கு இடுகாட்டின் கோடியில் ஓர் இடம். வண்டி ஓட்டியவரும், குழி வெட்டியவர்களும், மதிலோரம் நின்றவர்களும் மூக்கைப் பொத்தியிருந்தார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. என் மனைவி புடவைத் தலைப்பை எடுத்து வாயில் வைத்து அழுதாள், மூக்கை மூடவில்லை. நானும் மூடவில்லை. கருஞ்சிவப்பு வெல்வெட்டில், சரிகைக் கரையோடு, அக்கா ஒரு மகாராணியைப் போலக் குழிக்குள் இறங்கினாள். ஆனாலும் அவள் கேட்டது அது இல்லை. கேட்டது ஒன்றே ஒன்றுதான். அதை என்னால் செய்ய முடியவில்லை.

சில நாள் கழித்து நிலையத்திலிருந்து போன் வந்தது. ஆண்டு விழாவாம், அரங்கத்தில் ஏசி வேலை செய்யவில்லையாம். கத்தரியைத் தருவதாக இருந்தால் வருகிறேன் என்றேன். தாராளமாக என்றார் இயக்குநர்.

போனால், அரங்கத்து வாசலிலேயே கண்ணாடிப் பெட்டி. பட்டுத் துணி மேல் என் அக்காவின் கத்தரி. கீழே பலகை: ‘மறைந்த சமயங்கள் – கத்தரியம்’. பூட்டுத் தொங்கியது. உள்ளே அறிஞர்கள் சால்வையால் விசிறிக்கொண்டிருந்தார்கள். இயக்குநர் வெறும் சட்டையில், வேர்வை வழிய என்னிடம் வந்தார்.

“தம்பி, எங்க பியூன் என் அங்கிய உங்க அக்கா கடையிலதான் கொடுத்தானாமே! இப்பதான் சொல்றான். அது எங்க?”

“அக்கா மேல இருக்குங்க.”

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் முகம் வெல்வெட் நிறத்துக்கு வந்தது.

“அது நிலையத்தோட சொத்துய்யா! தோண்டி எடு!”

“எடுத்துக்கலாம். ஆனா குழியத் திறக்கணும்னா உள்ள இருக்கறவங்க என்ன மதம்னு நிலையம் சொல்லணும்ல? நீங்கதான் அக்காவ வகைப்படுத்த முடியாதுன்னுட்டீங்களே. அப்படியே திறந்தாலும் மூக்கப் பொத்திக்கிட்டுத்தான் போட்டுக்கணும்.”

நான் கத்தரியைப் பற்றிக் கேட்டேன். அதைப் பொதுக்குழுவில்தான் முடிவெடுக்க முடியும் என்றார் அகராதியம்மா. தெரிந்ததுதான். ஏணியில் ஏறி மூடியைத் திறந்தேன். எதிர்பார்த்தபடியே கெப்பாசிட்டர் போயிருந்தது. புதியது என் பையிலேயே இருந்தது, அக்காவுக்காக வாங்கியது. அதையே மாட்டலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். பழகின கை, திருப்புளியை எடுத்தது. கெப்பாசிட்டரில் மிச்சமிருக்கும் கரண்ட் ஆளைத் தூக்கி அடித்துவிடும், எல்லா மெக்கானிக்குக்கும் அந்தப் பயம் உண்டு. என்னை அறியாமல் கண்ணை மூடினேன்.

“கையக் காப்பாத்து.”

சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. சின்ன வயதிலிருந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எனக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது; அத்தனை வருஷம் நான் கவனித்ததே இல்லை. ஏணி மேல் நின்றபடி எனக்கு அழுகை வந்தது.

கீழே விசிறிகள் நின்றிருந்தன. அரங்கமே அண்ணாந்து என்னைப் பார்த்தது. “மறையல...” என்று அகராதியம்மா மூச்சடைத்துச் சொன்னார். “ஐயா, கத்தரியம் இன்னும் மறையல!” யாரோ ஒருவர், “ரெண்டு கண்ணும் மூடியிருந்துச்சு, பாத்தீங்களா?” என்றார். இயக்குநர் ஏணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். வெல்வெட் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. குரலில் தேன் ஒழுகியது.

“பாத்து எறங்குங்க தம்பி, பாத்து. உங்களுக்கு என்ன வயசாகுது? சர்க்கரை, பிரஷர் ஏதாவது உண்டா?”

அகராதியம்மா என்னைத் தலையிலிருந்து கால் வரை கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தார். கண்ணாடிப் பெட்டிக்குத்தான்.

புதுக் கெப்பாசிட்டரைப் பைக்குள்ளேயே விட்டு, மூடியைத் திரும்ப மாட்டினேன். கீழே இறங்கி மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே நடந்தேன்.